கெட்டிமேளத்துக்கு ஒரு சாக்ஸபோன்

என் மாமனார் என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

மத்தூர் கல்யாண மண்டபம். தை மாதத்துக் காலை. பந்திக்கூடத்தில் கேசரிக்கு நெய் ஊற்றுகிற வாசம் மேடை வரைக்கும் வந்திருந்தது. மனிதர் தானாக என்னைத் தேடி வருவது கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அதனால் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவி பூங்கொடியிடம் பேசினார்.

“அந்த ஊதற சாமானு கார்லதான் இருக்குதா?”

“டிக்கியில இருக்குப்பா. நீதான வெளிய எடுக்கக் கூடாதுன்னு சொன்ன?”

“எடுத்தாரச் சொல்லு.”

சொல்லவேண்டிய ஆளான நான் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பெங்களூரு ஓட்டல்களில் எனக்கு நடந்த ராஜமரியாதையைப் பற்றி சென்ற இதழில் அளந்துவிட்டிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர், “எல்லாம் சரி சார், வீட்டில் உங்களை எப்படி நடத்துகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறார். வம்பான கேள்வி. ஆனாலும் பதில் சொல்லிவிடுவது நல்லது.

மீதமிருந்த வாத்தியம்

அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஓசூர் வந்தவர். சிப்காட்டில் லேத் ஓட்டினார். நானும் ஐ.டி.ஐ. முடித்து ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். தகட்டை வைத்தால் மெஷின் இறங்கி அடிக்கும். எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டாலும் சத்தம் பல் வழியாக உள்ளே வரும்.

ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்த பிறகு, சாயங்காலம் தொழிலாளர்களே பாட்டுக் கச்சேரி நடத்துவோம். எனக்குச் சாக்ஸபோன் மேல் பிறவியிலேயே காதல் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். அது பேட்டிக்குச் சொன்னது. கீபோர்டையும் டிரம் பேடையும் வேறு ஆட்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். பாகலூர் ரோட்டில் ஒரு பேண்டு செட் கடையில் வாடகைக்குக் கிடந்த சாக்ஸபோன்தான் மீதி இருந்தது.

நாள் முழுக்க அந்த இரைச்சலில் நின்றவனுக்கு மெதுவாக ஊதுவதுதான் சுகமாக இருந்தது. மற்றவர்கள் சாக்ஸபோனைக் கையில் எடுத்தால் ஊரைக் கூட்டுவார்கள். நான் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதுபோல் ஊதினேன். கேன்டீன்காரர் மட்டும் ரசித்தார். மற்றவர்கள் மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

தூங்குகிறவர்களின் கலைஞன்

கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டினால் அதே வாசிப்புக்கு வேறு பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்மூத் ஜாஸ். ஜாஸ் என்பது காரசாரமான சமாச்சாரம். அதில் மிளகாயைக் குறைத்து, எல்லா வயிற்றுக்கும் ஒத்துக்கொள்கிற ரசமாக வைத்தால் அது ஸ்மூத் ஜாஸ். அசல் ஜாஸ் வாசிக்கிறவர்கள் எங்களைப் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்புக்கூடத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். மாணிக்கம் என்ற பெயரைச் சுருக்கி ‘மானிக்’ என்று பலகையில் எழுதி வைத்தார்கள். மேனேஜர் நல்ல மனிதர். “நீங்க வாசிக்கறது கெஸ்ட்டுங்க பேசறதைக் கெடுக்கக் கூடாது” என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. நான் கெடுக்கவில்லை. என் தொழில் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

பிறகு மால்கள், சாஃப்ட்வேர் கம்பெனி விழாக்கள், நகைக்கடைத் திறப்புகள். டிரம், கிடார், பியானோ எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரில் சொருகிவிட்டு, அதன்மேல் நான் ஊதுவேன். தனியாக ஊதுகிற பழக்கமே விட்டுப்போனது. ‘ஜன்னலோரச் சீட்டு’ என்று நான் போட்ட ஒரு மெட்டு இணையத்தில் ஓடு ஓடென்று ஓடியது. யோகா வகுப்பிலும், பல் ஆஸ்பத்திரியிலும், லிஃப்டிலும், போனில் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று சொன்ன பிறகும் அதுதான் ஒலிக்கிறது. ஒரு அம்மாள் கோயம்புத்தூரிலிருந்து எழுதினார்: “உங்கள் பாட்டை இதுவரை முழுசாகக் கேட்டதே இல்லை. பாதியிலேயே தூங்கிவிடுகிறேன். மிக்க நன்றி.” அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான்.

சீனியர் சூப்பர்வைசர்

மாமனார் மாதையனுக்கு நாகரசம்பட்டியில் மாந்தோப்பு இருக்கிறது. தோப்போடு சேர்ந்த மிடுக்கும் இருக்கிறது. பெண் கேட்டுப் போனபோது நான் கம்பெனியில் ஆபரேட்டர். அவர் ஊரில் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டார். சரி, மனிதர் ஆசைப்படுகிறார் என்று விட்டுவிட்டேன். சில வருஷம் கழித்து, சாக்ஸபோனே போதும் என்று வேலையை விட்டேன். அந்த வாரமே அவர் என்னை சீனியர் சூப்பர்வைசர் ஆக்கினார்.

அவர் கணக்கில் ஊதுகிறவன் என்றால் மேளக்காரன். மேளக்காரர்களுக்குக் கல்யாண வீட்டில் ஓரமாக ஜமக்காளம் விரிப்பார்கள். மாப்பிள்ளைக்கு நடுவில் நாற்காலி போடுவார்கள். நிலபுலம் உள்ள வீட்டு மாப்பிள்ளை ஜமக்காளத்துக்கு இறங்குவதை அவரால் தாங்க முடியாது. வெறும் கூச்சம் என்று பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. சாதி மிதப்பும் அதில் சரிபாதி இருந்தது.

ஒருமுறை கிருஷ்ணகிரியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனவர், காத்திருந்த இடத்தில் அயர்ந்து தூங்கி, தன் டோக்கனைக் கூப்பிட்டதைக் கோட்டைவிட்டுவிட்டார். அங்கே ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது என் மெட்டு. “அப்பா, அது இவரு வாசிச்சதுப்பா” என்று பூங்கொடி பெருமையாகச் சொன்னாள். “அதான பார்த்தேன்” என்றார்.

எனக்கு அவரிடமிருந்து வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நாலு பேர் முன்னால், அவர் வாயால், ‘இவர் சாக்ஸபோன் வாசிக்கிறவர்’ என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். பெங்களூரில் ஆயிரம் பேர் கைதட்டிவிட்டு வீடு திரும்பும்போதும் இந்த ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கும். சின்னப்புத்திதான். ஆனால் இருந்தது.

மச்சினி சுகன்யாவின் கல்யாணம் வந்தது. வரவேற்பில் மாமாதான் வாசிக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மாமனார் முடியவே முடியாது என்றார். “காவேரிப்பட்டணத்து சம்பந்திங்க என்ன நெனப்பாங்க? சூப்பர்வைசர்னு சொல்லி வெச்சிருக்கேன்.” மறுநாள் பெங்களூரில் எனக்கு ஒரு நிகழ்ச்சி இருந்ததால் சாக்ஸபோனைக் காரிலேயே வைத்திருந்தேன். அது டிக்கியை விட்டு வெளியே வரக் கூடாது என்பது உத்தரவு.

அஞ்செட்டி ரோட்டில் யானை

மத்தூரிலேயே நல்ல மேளம் இருக்கிறது. ஆனால் ஊர்த் திருவிழாவில் அவர்கள் மாமனாரின் பங்காளி வீட்டு வாசலில் கொஞ்சம் கூடுதலாக நின்று வாசித்துவிட்டார்கள். எங்கள் மாமனார் வீட்டு வாசலில் சுருக்கமாக முடித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் மாமனார் மாவட்டத்தின் இந்தக் கோடியில் நடக்கிற கல்யாணத்துக்கு அந்தக் கோடியிலிருந்து, அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து, மேளம் பேசினார். பங்காளி பார்க்க வேண்டுமாம்.

விடிந்த பிறகும் மேளம் வரவில்லை. நாதஸ்வரக்காரர் போன் செய்தார். மாமனார் ஸ்பீக்கரில் போட்டார்.

“யானைங்க ராகிக் காட்டுல எறங்கியிருக்குதுங்க. இப்ப ரோட்டு மேலயே நிக்குது. பாரஸ்ட்காரங்க வண்டிய உட மாட்டேங்கறாங்க.”

“எந்நேரம் வரைக்கும் நிக்கும்?”

“அதைப் போயிக் கேக்க முடியலைங்க.”

கோபத்தை விழுங்கிக்கொண்டு மத்தூர் மேளத்துக்குப் போன் போட்டார். முகூர்த்த நாள். அவர்கள் போச்சம்பள்ளியில் வேறொரு கல்யாணத்தில் இருந்தார்கள்.

மேளம் இல்லாமல் தாலி கட்டலாமா என்றால், வேறு சம்பந்தியாக இருந்தால் கட்டியிருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா சகுனத்தில் படு கறார். நிச்சயதார்த்தத்தன்று யாரோ தும்மினார்கள் என்று தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, மறுபடி நல்ல நேரம் பார்த்துத்தான் கையில் எடுத்தார். தாலி கட்டுகிற நேரத்தில் எந்த அச்சானியமும் காதில் விழாமல் இருக்கத்தானே கெட்டிமேளம்? அது இல்லை என்று தெரிந்ததும் அந்த அம்மாள் முகம் சுருங்கியது. மணமகள் அறையில் சுகன்யா பூங்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு, “முகூர்த்தத்த மாத்தணும்னு சொல்லிருவாங்களாக்கா?” என்று கேட்டிருக்கிறாள்.

அப்போதுதான் மாமனார் என்னை நோக்கி நடந்து வந்தார்.

பிள்ளையாரின் மோட்டார்

சாக்ஸபோனையும் ஸ்பீக்கரையும் எடுத்து வந்தேன். ஆனால் தவில் இல்லாமல் கெட்டிமேளம் எப்படி? அந்தக் கேள்வியைத் தீர்த்துவைத்தவன் லோகேஷ். என்னோடு கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்தவன், இப்போதும் இருக்கிறவன். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், டீக்கடையில் கன்னடம் பேசுகிற அசல் ஓசூர்க்காரன். கல்யாணத்துக்கு வந்தவன், ஓடாத மெஷின் ஒன்றைப் பார்த்ததுபோல் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

“காம்பவுண்டுல பிள்ளையார் கோயில் இருக்குல்ல? அங்க மோட்டார் மேளம் இருக்குடா. கீழ நாலு போல்ட்டு. கழட்டித் தூக்கினு வந்தா முடிஞ்சுது.”

கோயில்களில் பார்த்திருப்பீர்கள். சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றும். முரசு, மணி, ஜால்ரா மூன்றும் தாமாகவே அடித்துக்கொள்ளும். பூசாரி யோசித்துவிட்டு, “தீபாராதனைக்குள்ள திரும்பி வந்துரணும்” என்று சம்மதித்தார். லோகேஷும் சமையல் ஆள் ஒருவரும் தூக்கி வந்து மேடை ஓரம் இறக்கினார்கள்.

நான் ஜமக்காளத்தில் உட்காரப் போனேன். மாமனார் பதறிவிட்டார். “மாப்ளைக்கு நாற்காலி போடுங்கப்பா!” என்றார். ஜமக்காளத்தின் மேல் நாற்காலி போட்டு, நாற்காலியின் மேல் என்னை உட்காரவைத்தார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டில் வாசித்த கலைஞன் அதற்கு முன்னால் யாரும் இருந்திருக்க மாட்டான்.

கொஞ்சம் கேட்கிற மாதிரி

சடங்குகள் ஆரம்பித்தன. பென் டிரைவைச் சொருகினேன். வழக்கம்போல வாசித்தேன். முன்வரிசையில் பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தலை சாய்க்க ஆரம்பித்தார்கள். என் காலடியிலேயே ஒரு அம்மாள் போனில் யாருக்கோ மண்டபத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடங்கலும் இல்லை. தொழில் சுத்தமாக நடந்தது.

மாமனார் குனிந்து காதருகில் வந்தார்.

“மாப்ள, கொஞ்சம் கேக்கற மாதிரி ஊதுங்க.”

அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் இசை விமர்சனம் அது. கூட்டி ஊதத்தான் பார்த்தேன். வரவில்லை. உதடும் வயிறும் ஓட்டல் மேனேஜர் சொல்லே வேதம் என்று பழகிப் போயிருந்தன. முகூர்த்தத்துக்கு மோட்டார் மேளம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஐயர் தாலியை எல்லாரிடமும் காட்டி வாங்கி, மாப்பிள்ளை கையில் கொடுத்தார். கையை உயர்த்தினார்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

லோகேஷ் சுவிட்சைத் தட்டினான். முரசு அதிர்ந்தது, மணி கலகலத்தது. அட, பிரமாதம் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

மோட்டார் முனகி நின்றது. என் ஸ்பீக்கரும் அடங்கியது. மின்விசிறிகள் ஓய்ந்தன. அவ்வளவு பெரிய மண்டபத்தில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. ஹோமப் புகை கலையாமல் அப்படியே நின்றது. அந்தப் புகைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா மூக்கைச் சுருக்கினார். வாய் மெல்லத் திறந்தது. சம்பந்தியம்மாள் அதைப் பார்த்துவிட்டார். தாலியோடு மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது. சுகன்யாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

மாமனார் என்னைப் பார்த்தார். பூங்கொடியை அல்ல, என்னை.

“மாப்ளே!”

ஊதினேன். அது என்ன ராகம் என்று கேட்காதீர்கள். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பின்னால் நிற்கிற லாரிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தால் வருகிற ராகம். அடிவயிற்றிலிருந்து, இத்தனை வருஷம் அமுக்கி அமுக்கி வைத்த மூச்சு அத்தனையும் குழாய் வழியாகப் போனது. தூங்கிய பெரியவர்கள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்கள். போன் பேசிய அம்மாள் போனைக் கீழே போட்டார். லோகேஷ் விடுவானா? மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சக்கரத்தைக் கையாலேயே சுற்ற ஆரம்பித்தான். முரசும் மணியும் மறுபடி எழுந்தன. தாலி ஏறியது.

பெரியப்பா தும்மினார். தலை முன்னால் வெட்டி இழுத்ததையும், மூக்கைத் துண்டால் துடைத்ததையும் எல்லாரும் பார்த்தோம். சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. சம்பந்தியம்மாள் ஒரு கணம் யோசித்துவிட்டு, அட்சதையைத் தூவினார்.

நான் சாக்ஸபோனை இறக்கியபோது உள் உதட்டில் பல் பதிந்து வாய் உப்புக் கரித்தது. நான் வாசித்ததிலேயே மட்டமான வாசிப்பு அதுதான். அவ்வளவு சந்தோஷமாக நான் வாசித்ததும் அன்றைக்குத்தான்.

தட்டு

கூட்டம் பந்திக்கு நகர்ந்தது. நான் அதே நாற்காலியில், உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமனார் என்னைத் தாண்டி இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார். பந்திக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவசரத்துக்கு வேண்டியிருந்தேன், அவசரம் முடிந்தது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா வந்து பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர்.

“கம்பெனியில லீவு போட்டுட்டு வந்தீங்களா?”

“ஆமாங்க” என்றேன். பழக்கதோஷம்.

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அஞ்செட்டி மேளம். நாதஸ்வரக்காரர் உறையோடு வாத்தியத்தை அணைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி மேடைக்கு வந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. எங்களால ஒண்ணும் பண்ண முடியல.”

“யானை வந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க? மொதல்ல சாப்பிடுங்க” என்றார் மாமனார். இதமாகத்தான் சொன்னார்.

மேடை ஓரத்தில் ஒரு தட்டு இருந்தது. பட்டுக்கரை வேட்டி, துண்டு, தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம். முகூர்த்தம் முடிந்ததும் மேளத்துக்குச் செய்கிற மரியாதை. மாமனார் அதைக் கையில் எடுத்தார். நாதஸ்வரக்காரர் வழக்கப்படி இரண்டு கையையும் பாதி நீட்டிவிட்டார்.

“மன்னிச்சிக்கணும். இது வாசிச்சவருக்கு” என்று சொல்லிவிட்டு, மாமனார் அவரைக் கடந்து என் முன்னால் வந்து நின்றார். நாதஸ்வரக்காரர் நீட்டிய கையை அப்படியே கூப்பி, என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் குழப்பம். “சம்பந்தி, இது மேளத்துக்கு வெச்ச தட்டுங்களே? பெரிய மாப்ள கம்பெனியில இருக்காருன்னு...”

“கம்பெனிய உட்டு ரொம்ப நாளாச்சுங்க” என்றார் மாமனார். பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற குரலில்தான் சொன்னார். “எங்கூட்டு மாப்ள சாக்ஸபோன் வாசிக்கறவரு.”

மாமனார் நீட்டுகிற தட்டை மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ளலாம். அது எங்கள் பக்கத்து வழக்கம். நான் எழுந்து நின்றேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஜமக்காளத்தில் நின்றபடி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.